பெற்றோல் விளக்கு எரிந்த பிறகு இன்னும் எவ்வளவு தூரம் ஓடும்?

கேள்வி: வெள்ளவத்தையில் இருக்கிறேன். தினமும் காலையில் பிள்ளைகளைப் பம்பலப்பிட்டியில் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு ராஜகிரியவுக்கு வேலைக்குப் போகிறேன். கார், 2017 வாகன் ஆர் ஹைபிரிட். போன கிழமை பெற்றோல் விளக்கு எரிய எரிய இரண்டு நாள் ஓடிவிட்டேன். "இன்னும் ஐம்பது கிலோமீற்றர் தாராளமாக ஓடும், ஹைபிரிட்தானே, பெற்றோல் முடிந்தாலும் பற்றரியில் பெற்றோல் செட் வரைக்கும் போகும்" என்கிறார் கணவர். கராஜ் பாஸோ, "அடி மண்டி எல்லாம் எஞ்சினுக்குள் போயிருக்கும், டாங்கியை இறக்கிக் கழுவி, பம்பையும் மாற்றிவிடுவோம்" என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: டாங்கியை இறக்கவும் வேண்டாம், பம்பை மாற்றவும் வேண்டாம். கார் முன்போலவே ஸ்டார்ட் ஆகிறது, இழுவை குறையவில்லை, இடையில் நிற்கவில்லை என்றால் எதுவும் கெட்டுப்போகவில்லை. டாங்கி நிறையப் பெற்றோல் அடித்துக்கொண்டு ஓடுங்கள். தூரத்தைக் கேட்டால், விளக்கு எரிந்ததிலிருந்து 25 கிலோமீற்றருக்குள் செட்டுக்குப் போய்விட வேண்டும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கணவர் சொன்ன ஐம்பது கடதாசியில் சரி, காலி வீதி நெரிசலில் சரிவராது. பற்றரியைப் பற்றி அவர் சொன்னது முழுப் பிழை.

25 எப்படி வந்தது என்று சொல்கிறேன். உங்கள் காரின் டாங்கி 27 லீற்றர். விளக்கு எரியும்போது அதில் 4 லீற்றர் மிச்சம் இருக்கிறது, நகரத்துக்குள் ஏ.சி. போட்டுக்கொண்டு லீற்றருக்கு 14 கிலோமீற்றர் ஓடுகிறது என்று வைப்போம். பெருக்கினால் 56. ஆனால் அந்தக் கடைசி லீற்றரை நம்ப முடியாது. பிரேக் அடித்தால், வளைவில் திரும்பினால், ஏற்றத்தில் ஏறினால் மிச்சமிருக்கும் பெற்றோல் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும், பம்பின் வாய்க்குக் காற்றுத்தான் கிடைக்கும். அப்புறம் உங்கள் காலைப் பயணத்தை நினைத்துப் பாருங்கள். பள்ளிக்கூட வாசலிலும் பொரளைச் சந்தியிலும் நெரிசலில் நிற்கிற நேரத்தில் ஏ.சி.க்காக எஞ்சின் ஓடும், பெற்றோல் போகும், கிலோமீற்றர் மட்டும் கூடாது. இதையெல்லாம் கழித்தால் பாதியை நம்பலாம். பாதி 28, அதிலும் கொஞ்சம் குறைத்துச் சொன்னதுதான் 25.

பெற்றோல் மட்டம் காட்டும் முள்ளையும் அப்படியே நம்ப வேண்டாம். வீட்டு மொட்டைமாடித் தண்ணீர் டாங்கியில் இருப்பது போன்ற ஒரு மிதவைதான் பெற்றோல் டாங்கிக்குள்ளும் இருக்கிறது. அது ஒரு கம்பியின் நுனியில் மிதந்து மேலும் கீழும் போக, கம்பியின் மறுமுனை ஒரு மின்தடைப் பட்டையில் உரசி முள்ளை நகர்த்துகிறது. கார் சரிவில் நின்றால் மிதவையும் சரியும். பட்டை தேய்ந்தால் முள் பொய் சொல்லும். "இன்னும் இத்தனை கிலோமீற்றர் ஓடலாம்" என்று திரையில் வரும் எண், கடைசியாக ஓடிய ஓட்டத்தை வைத்துப் போட்ட கணக்கு. அதிவேகப் பாதையில் இருந்து இறங்கும்போது 60 என்று காட்டியது, நகரத்துக்குள் வந்ததும் மளமளவென்று இறங்குவது அதனால்தான்.

சரியான எண்ணை நீங்களே கண்டுபிடிக்கலாம். அடுத்த முறை விளக்கு எரிந்ததும் நேரே செட்டுக்குப் போய் முழு டாங்கி அடிக்கச் சொல்லுங்கள். பெற்றோல் அடிக்கும் துப்பாக்கி முதல் தடவை தானாக 'டக்' என்று நிற்கிற இடத்தோடு நிறுத்திவிட வேண்டும். மேலே குலுக்கிக் குலுக்கி ஊற்ற விட வேண்டாம். 23 லீற்றர் ஏறியிருந்தால், விளக்கு எரிந்தபோது உள்ளே ஏறக்குறைய 4 லீற்றர் இருந்திருக்கிறது. இரண்டு மூன்று முறை பார்த்தால் உங்கள் காரின் குணம் பிடிபட்டுவிடும். ஆனால் ஒன்று, அடிக்கத் தொடங்கும் முன் மீற்றர் பூச்சியத்தில் இருக்கிறதா என்று காரை விட்டு இறங்கிப் பாருங்கள். தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருக்கிறவரிடம்தான் முந்தினவருடைய கணக்கின் மேலேயே அடித்துக் காசு வாங்குகிறார்கள்.

இந்தத் தொல்லை எல்லாவற்றுக்கும் வேர், "ரெண்டாயிரத்துக்கு அடிங்க" என்கிற பழக்கம். 2,000 ரூபாவுக்கு ஏழு லீற்றர்கூட வராத காலம் இது. விளக்கு அணையும், மூன்று நாளில் திரும்ப எரியும். கார் வருடம் முழுக்க அடி மட்டத்திலேயே ஓடும். மாதக் கடைசி வந்தால் இன்னும் மோசம். நள்ளிரவில் விலை குறையுமாம் என்று யாராவது வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார்கள், பாதிக் கொழும்பு காலி டாங்கியோடு காத்திருக்கும். பெற்றோல் விலையை மாத முடிவில் இரவோடு இரவாக அறிவிக்கிற முறை இருக்கும் வரைக்கும் இந்த அவதி தீராது. லீற்றருக்கு ஐந்து ரூபா குறைந்தாலும் உங்கள் 27 லீற்றர் டாங்கிக்கு மிச்சம் 135 ரூபா. அதற்காகப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு பேஸ்லைன் வீதியில் நிற்க வேண்டுமா?

உங்கள் காரில் விளக்கு எத்தனை லீற்றரில் எரியும் என்பது கையேட்டில் இருக்கும். ஆனால் ஜப்பானில் இருந்து வரும் ரீகண்டிஷன் கார்களில் கையேடு இருப்பதே அதிசயம், இருந்தாலும் ஜப்பான் மொழியில் இருக்கும். பல இலட்சம் ரூபா வாங்கிக்கொண்டு கார் விற்கிறவர்கள் நான்கு பக்கத்தில் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு குறிப்பு அச்சடித்துத் தரக் கூடாதா? தர வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்துவதும் இல்லை. கையேடு கிடைத்தால், பெற்றோல் விளக்கின் படம் போட்ட பக்கத்தைத் தேடித் தொலைபேசியின் மொழிபெயர்ப்புக் கமெராவைப் பிடியுங்கள்.

இனி பாஸ் சொன்ன மண்டி விவகாரம். பெற்றோல் பம்ப் டாங்கிக்குள்ளேதான் இருக்கிறது. டாங்கி நிறைந்திருந்தாலும் சரி, காலியாக இருந்தாலும் சரி, அது எப்போதும் அடியில் இருந்துதான் இழுக்கிறது. மண்டி இருந்தால் நிறைந்த டாங்கியிலும் போயிருக்கும். அதைப் பிடிக்கத்தான் பம்போடு சேர்த்து வடி வைத்திருக்கிறார்கள். டாங்கி கழுவும் தொழில் 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் சூடு பிடித்தது, அன்று அதற்குக் காரணம் இருந்தது. ஜூன் மாதக் கடைசியில் 92 ஒக்டேன் லீற்றர் 470 ரூபாவுக்குப் போய், ஜூலையில் கியூ.ஆர். முறை வந்து, காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று அளந்து தந்த நாட்கள் அவை. கேனிலும் பரலிலும் பதுக்கிய, மண்ணெண்ணெய் கலந்த பெற்றோல் கை மாறியது. அதை ஊற்றிய கார்களைக் கழுவத்தான் வேண்டியிருந்தது. செட்டில் ஒழுங்காகப் பெற்றோல் அடிக்கிற உங்கள் காருக்கு அந்த வைத்தியம் எதற்கு?

உண்மையான பயம் வேறு. அந்தப் பம்பைக் குளிரவைப்பதும், அது தேயாமல் பார்ப்பதும் சுற்றியுள்ள பெற்றோல்தான். அடி மட்டத்திலேயே தொடர்ந்து ஓடினால் பம்ப் சூடேறி, அதன் ஆயுள் குறையும். இரண்டு நாளில் சாகாது, இரண்டு வருடம் இப்படியே ஓடினால் சாகலாம். கால் டாங்கிக்குக் கீழே இறங்க விடாதீர்கள் என்று நாங்கள் சொல்வது இதற்காகத்தான். (டீசல் வாகனக்காரர்கள் இதில் எதையும் தங்களுக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம், அவர்கள் டாங்கியைக் காய விடவே கூடாது.)

இப்போது பற்றரி. உங்கள் வாகன் ஆர் மெல்லிய ஹைபிரிட். அதன் சிறிய பற்றரி எஞ்சினுக்குக் கை கொடுக்கும், நெரிசலில் சில விநாடி ஊர்ந்து நகர உதவும், அவ்வளவுதான். பெற்றோல் முடிந்தால் நின்ற இடத்தில் நிற்பீர்கள்.

அக்வா, பிரியஸ், அக்ஸியோ ஹைபிரிட் வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பார்கள், அவர்களுக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பணம் பறிபோவது அங்கேதான். அந்தக் கார்கள் பெற்றோல் முடிந்த பிறகும் சத்தமில்லாமல் கொஞ்ச தூரம் ஓடும். ஓடுகிறதே என்று ஓட்டாதீர்கள். அவற்றில் தனி ஸ்டார்ட்டர் மோட்டார் கிடையாது, எஞ்சினைச் சுழற்றி எழுப்புவதே அந்தப் பெரிய ஹைபிரிட் பற்றரிதான். அதையும் உறிஞ்சி முடித்துவிட்டால் டாங்கி நிறையப் பெற்றோல் ஊற்றினாலும் எஞ்சின் எழும்பாது. பக்கத்துக் காரில் இருந்து வயர் போட்டு 12 வோல்ட் பற்றரிக்கு உயிர் கொடுத்தும் பயனில்லை, பெரிய பற்றரியைத் தனியாக சார்ஜ் செய்ய வேண்டிவரும். ஆகவே எஞ்சின் எழும்பவில்லை, எச்சரிக்கை விளக்குகள் கூட்டமாக எரிகின்றன என்றால் உடனே ஓரம் கட்டி அணைத்துவிடுங்கள். ஒரு போத்தல் பெற்றோல் போதாது, ஐந்தாறு லீற்றராவது ஊற்றிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். எஞ்சின் எழும்பிய பிறகும் விளக்கு அணையாமல் இருக்கலாம். எஞ்சின் எழும்பவில்லை என்ற குறியீடு கணினியில் பதிந்திருக்கும், ஸ்கேனரைச் செருகி அழித்தால் முடிந்தது. ஆனால் அந்த விளக்கைக் காட்டியே "ஹைபிரிட் பற்றரி போய்விட்டது, செல் மாற்ற வேண்டும்" என்று சொல்கிறவர்கள் இந்த நகரத்தில் நிறையவே இருக்கிறார்கள். பெற்றோல் முடிந்துதான் கார் நின்றது என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். அதைக் கேட்ட பிறகும் பற்றரி விலை பேசுகிறவரிடம் திறப்பைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

உங்கள் கார் என்றாவது நடு வீதியில் நின்றால், முதலில் இரண்டு பக்க சிக்னலையும் ஒன்றாகப் போடுங்கள். இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் கல்லாகிவிடும், அதனால் விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்தி இடது ஓரத்தில் நிறுத்துங்கள். பெற்றோலைத் தண்ணீர்ப் போத்தலில் வாங்கிவரச் சொல்லாதீர்கள், பெற்றோலுக்கென்று உள்ள கேன் வேண்டும். ஊற்றியதும் நேரே ஸ்டார்ட் செய்ய வேண்டாம். பிரேக்கை மிதிக்காமல் பொத்தானை இரண்டு முறை அழுத்தினால் எஞ்சின் எழும்பாமல் டேஷ்போர்ட் விளக்குகள் மட்டும் எரியும். அந்த நேரம் பின்சீட்டுப் பக்கம் காதைக் கொடுத்தால் 'ஙீ' என்று மெல்லிய இரைச்சல் ஓரிரு விநாடி கேட்கும். அதுதான் பம்ப். மூன்று நான்கு முறை இப்படிச் செய்தால் குழாயில் இருக்கும் காற்று போய்விடும், அப்புறம் ஸ்டார்ட் செய்யுங்கள்.

அந்த இரைச்சலே கேட்காவிட்டால்தான் பம்ப் மீது சந்தேகப்படலாம். அப்போதும் ஃபியூஸையும் ரிலேயையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். இரைச்சல் கேட்டும் பம்ப் பலவீனம் என்று பாஸ் சொன்னால், பிரஷர் மீற்றரை மாட்டி எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். பஞ்சிகாவத்தையில் மலிவாகக் கிடைக்கிற பழைய பம்பைப் போட விடாதீர்கள், அது எத்தனை வருடம் உழைத்தது என்று விற்கிறவருக்கே தெரியாது. மாற்றித்தான் ஆக வேண்டும் என்று ஆனால் புதியது போடுங்கள், கழற்றிய பழையதைக் கையில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்.