‘முடியாது’ என்பதன் விலை 900 வெள்ளி: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை சிங்கப்பூரின் பல பேட்டைகளிலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்தான். வீட்டில் பழுதுபார்க்கக் கூப்பிட்டால் ஆள்கள் வர மறுக்கிறார்களாம், ஆனால் மறுக்கிறோம் என்று வாய்திறந்தும் சொல்வதில்லையாம். கடிதங்களை வழக்கம்போல் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: குளியலறைத் தரையில் ஒரே ஒரு டைல் விரிசல் விட்டிருக்கிறது. ஆறு பேருக்கு வாட்ஸ்அப் அனுப்பினேன். மூன்று பேரிடமிருந்து பதிலே இல்லை. ஒருவர் ஒரு மாதமாக “அடுத்த வாரம்” என்கிறார். இன்னொருவர் முழுத் தரையையும் மாற்றினால்தான் வருவாராம். கடைசி ஆள் 900 வெள்ளி கேட்கிறார். ஒரு டைலுக்கா? (தெம்பனிஸ்)

பதில்: ஆறு பேரும் சொன்னது ஒன்றுதான், இந்த வேலை எங்களுக்கு வேண்டாம். அந்த 900 வெள்ளி உங்களை விரட்டச் சொன்ன தொகை. நீங்கள் தலையாட்டினால் அவருக்கு லாபம், ஓடிவிட்டால் நிம்மதி. தலையாட்டாதீர்கள். மனமில்லாத வேலையை மனமில்லாமல்தான் செய்வார்.

அவர்கள் பக்கத்தையும் பாருங்கள். ஒரு டைலைப் பெயர்த்தால் அடியில் இருக்கும் நீர்க்காப்புப் பூச்சும் சேர்ந்து கிழியலாம். அந்த இடத்தில் மட்டும் ஒட்டுப் போட்டால் பழையதும் புதியதும் சேரும் ஓரத்தில் கசியலாம். நாளைக்குக் கீழ்வீட்டுக் கூரையில் கறை வந்தால், கடைசியாகக் கை வைத்தவர் தலைதான் உருளும். உங்களிடம் மீதி டைல் இல்லையென்றால் அதே நிறமும் அதே கனமும் கிடைப்பது அரிது. இன்று ஒட்டிவிட்டு, காய்ந்த பிறகு இடுக்கை அடைக்கும் கிரவுட் பூச இன்னொரு நாள் வர வேண்டும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் உடைக்கும் வேலைக்கு வார நாள் காலை 9 முதல் மாலை 5 வரைதான் அனுமதி. கட்டி முடித்து 3 ஆண்டு ஆகாத பிடிஓ வீடு, அதாவது வீவகவிடம் முன்பதிவு செய்து வாங்கிய புது வீடு என்றால் குளியலறை டைலைப் பெயர்க்கவே கூடாது. ஆக, “முழுத் தரை” என்றவர்தான் ஆறு பேரில் நேர்மையானவர். எந்த வேலைக்குத் தன்னால் பொறுப்பேற்க முடியும் என்று சொல்லிவிட்டார்.

நாணயத்தால் டைலைத் தட்டிப் பாருங்கள். பொள்ளென்று சத்தம் வராமல், மிதித்தால் ஆடாமல் இருந்தால், விரிசலில் எபாக்சி கிரவுட் அடைத்துவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். பெயர்த்தே ஆக வேண்டுமென்றால் அதை மட்டும் தனி வேலையாகக் கேட்காதீர்கள். சொட்டும் குழாய், உரிந்த சிலிக்கான், தொங்கும் கதவு என்று நாலைச் சேர்த்து அரை நாள் வேலையாக்குங்கள். செய்தியில் எட்டி நின்று எடுத்த படம் ஒன்று, கிட்டத்தில் ஒன்று, வீட்டின் வயது, மீதி டைல் உண்டா இல்லையா, எந்த நாள்களில் வீட்டில் இருப்பீர்கள், எல்லாம் இருக்கட்டும். கடைசி வரியாக “வேண்டாம் என்றாலும் சொல்லிவிடுங்கள், வருத்தமில்லை” என்று போடுங்கள். அந்த வரிக்குத்தான் அதிகம் பதில் வரும்.

கேள்வி: என் வேலையை எடுக்க மறுத்த காண்ட்ராக்டர் மேல் புகார் கொடுக்கலாமா? (பிடோக்)

பதில்: முடியாது. வேலையை ஒப்புக்கொள்ளாதவரை அவர் உங்களுக்கு ஒன்றும் கடன்படவில்லை.

கேள்வி: இணையத்தில் மலிவாக உடனடி வாட்டர் ஹீட்டர் வாங்கினேன். 3.3 கிலோவாட். மூன்று எலக்ட்ரீஷியன்கள் மாட்ட மறுத்துவிட்டார்கள். நாலாவது ஆள் முதலில் ஆர்சிசிபி போட வேண்டும் என்று செலவு வைக்கிறார். பழைய வீடு. சாதாரண பிளக்கில் செருகிக்கொள்ளலாமா? (அங் மோ கியோ)

பதில்: கூடாது. 3,300 வாட்டை 230 வோல்ட்டால் வகுங்கள், 14 ஆம்பியருக்கு மேல் வருகிறது. உங்கள் பிளக் 13 ஆம்பியர். முதலில் பிளக் சுடும், பிறகு கருகும், அதற்குப் பிறகு நடப்பதைக் குளித்துக்கொண்டிருப்பவர்தான் சொல்ல வேண்டும். ஹீட்டருக்குத் தனி வயர் இழுத்து, 20 ஆம்பியர் டபுள் போல் சுவிட்ச் (இரண்டு கம்பியையும் ஒருசேரத் துண்டிப்பது) வைக்க வேண்டும். உரிமம் பெற்ற மின்பணியாளர் மட்டுமே தொடலாம். அந்த மூவரும் மறுத்தது தங்கள் உரிமத்தைக் காப்பாற்றிக்கொள்ளத்தான்.

பெட்டியில் சேஃப்டி மார்க் என்ற பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா? உடனடி ஹீட்டருக்கு அது கட்டாயம். இல்லையென்றால் திருப்பி அனுப்புங்கள், பேச்சே வேண்டாம். ஆர்சிசிபி உங்கள் தலையில் கட்டுகிற செலவு இல்லை. மின்கசிவு 30 மில்லிஆம்பியரைத் தொட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி அது. பழைய வீடுகளும் 2025 ஜூலை 1க்குள் போட்டிருக்க வேண்டும். நாலாவது ஆளை விட்டுவிடாதீர்கள்.

மலிவில் மயங்கி வாங்கி, எந்த பிளம்பரும் மாட்ட மறுத்த இரண்டு குழாய்கள் என் அலமாரியிலும் கிடக்கின்றன. அதனால் உங்களைப் பாதி மட்டும் திட்டியிருக்கிறேன்.

கேள்வி: எலக்ட்ரீஷியன் “சீனப் புத்தாண்டு முடியட்டும்” என்றார். காத்திருக்கலாமா? (செங்காங்)

பதில்: எந்த வருடம் என்று கேட்டீர்களா?

கேள்வி: பழைய ஏர்கான் குளிரவில்லை. பார்க்க வந்தவர் “இதற்கு கேஸ் (குளிரூட்டும் வாயு) கிடைக்காது” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். புதுசு விற்கும் தந்திரமா? (ஈசூன்)

பதில்: வெளியே இருக்கும் யூனிட்டில் ஒட்டிய தகட்டைப் படியுங்கள். ஆர்22 என்றிருந்தால் அவர் சொன்னதில் உண்மை உண்டு. ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் உலகெங்கும் படிப்படியாக நிறுத்தப்படும் வாயு அது. ஆர்410ஏ அல்லது ஆர்32 என்றிருந்தால் அது சாக்கு.

இன்னொன்று. ஏர்கானில் கேஸ் பெட்ரோல்போல் தீராது, குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. கசிவைத் தேடாமல் நிரப்பினால் சில வாரத்தில் மறுபடி கூப்பிடுவீர்கள், கோபத்தோடு. அந்தப் போன் அழைப்புக்குப் பயந்துதான் பலர் பழைய யூனிட்டைத் தொடுவதே இல்லை. புதிது போட்டால் செப்புக் குழாயையும் மாற்றச் சொல்லுங்கள். ஆர்32இன் அழுத்தம் அதிகம், பழைய குழாயில் பழைய எண்ணெயும் தங்கியிருக்கும்.

கேள்வி: சமையலறை அலமாரிக்கு 1,500 வெள்ளி முன்பணம் கொடுத்தேன். இரண்டு மாதமாக “ஆள் இல்லை”, “பலகை வரவில்லை”. இப்போது போனையே எடுப்பதில்லை. நான் ஏமாளியா? (உட்லண்ட்ஸ்)

பதில்: இல்லை அம்மா, ஏமாற்றப்பட்டவர். ஒப்புக்கொள்ளும்வரைதான் ஒருவர் வேலையை மறுக்கலாம், ஒப்புக்கொண்டு காசும் வாங்கிய பிறகு அது ஒப்பந்த மீறல். இன்றே வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் எழுதுங்கள்: இன்ன தேதிக்குள், 14 நாள் போதும், வேலையைத் தொடங்குங்கள் அல்லது 1,500 வெள்ளியைத் திருப்பித் தாருங்கள். கொட்டேஷன், பணம் அனுப்பிய பேநவ் பதிவு, உரையாடல் மூன்றையும் எடுத்து வையுங்கள். ரசீதில் இருக்கும் நிறுவனப் பெயரை நிறுவனங்களைப் பதிவு செய்யும் அக்ராவின் பிஸ்ஃபைல் இணையத்தளத்தில் தேடிப் பாருங்கள்.

தேதி தாண்டினால் பயனீட்டாளர் சங்கத்துக்கு (CASE) போகலாம். அல்லது நேரே சிறு கோரிக்கை நடுவர் மன்றம். அங்கே 20,000 வெள்ளி வரை கோரலாம், 2 ஆண்டுக்குள் பதிய வேண்டும். வழக்கறிஞர் கிடையாது, எதிர்த்தரப்புக்கும் கிடையாது. உங்கள் தொகைக்குப் பதிவுக் கட்டணம் 10 வெள்ளி. நாள் கடத்தாதீர்கள், நிறுவனத்தை மூடிவிட்டால் தீர்ப்பு மட்டும்தான் கையில் இருக்கும்.

கேள்வி: நான் உரிமம் பெற்ற பிளம்பர். கான்டோ (தனியார் அடுக்குமாடி) வேலை எனக்குப் பிடிக்காது. நிர்வாக அலுவலகப் படிவம், டெபாசிட், காப்புறுதிக் கடிதம் என்று பாதி நாள் போய்விடும். முடியாது என்றால் இணையத்தில் திட்டுகிறார்கள். அதனால் மூன்று நாள் “பார்க்கலாம்” என்று இழுத்துவிட்டு மூன்று மடங்கு விலை சொல்வேன். போன வாரம் ஒருவர் உடனே ஓகே என்றுவிட்டார். என்ன செய்ய? (ஜூரோங்)

பதில்: போய்ச் செய்யுங்கள். மூன்று மடங்கு நன்றாக.

நீங்களே எழுதியதால் பல நாளாக அடக்கிவைத்ததைக் கொட்டிவிடுகிறேன். வேலையை மறுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் நீங்கள் “பார்க்கலாம்” என்ற மூன்று நாளும் அந்த வீட்டில் சிங்குக்கு அடியில் வாளி வைத்துக் காத்திருந்தார்கள். பத்து நிமிடத்தில் முடியாது என்றிருந்தால் பதினொன்றாவது நிமிடம் வேறு ஆளைத் தேடியிருப்பார்கள். மூன்று மடங்கு விலையோ புளோக் முழுக்கப் பரவும், ‘பிளம்பர் என்றாலே கொள்ளை’ என்று உங்கள் சக தொழிலாளியின் பேரும் சேர்ந்து கெடும். அடுத்த முறை இப்படி எழுதுங்கள்: “கான்டோ வேலை நான் எடுப்பதில்லை. எனக்காகக் காத்திருக்க வேண்டாம்.” காரணம் தேவையில்லை, மன்னிப்பும் தேவையில்லை. தெரியாத ஒருவர் நம்பரைக் கொடுத்துக் கழற்றிவிடாதீர்கள், அந்த ஆள் சொதப்பினால் உங்கள் பேர்தான் அடிபடும். ஆபத்தானது எதையாவது பார்த்துவிட்டு வேலையை மறுத்தால் மட்டும் அதைச் சொல்லாமல் வரக்கூடாது: கேஸ் வாடை, கருகிய ஹீட்டர் வயர், கம்பி தெரியும் கூரை.

அந்த ஓகே சொன்னவருக்கு, ரசீதில் ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு என்று தனித்தனியாக எழுதிக் கொடுங்கள். அடுத்து அவர் எனக்குத்தான் எழுதப் போகிறார்.