ஹெல்ஸ் கேன்யன்: ஆற்று மணலில் கூடாரம் போடலாமா?
அமெரிக்காவின் ஹெல்ஸ் கேன்யன் பள்ளத்தாக்கில் ஜூலையில் மழைக்கு வாய்ப்பில்லை, அதனால் ராஃப்டை (காற்றடைத்த படகை) கரை ஒதுக்கிவிட்டு, அங்கே ஓடும் ஸ்னேக் ஆற்றோர மணலிலேயே கூடாரம் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாங்க. அங்கே தண்ணீர் ஏறுவதற்கு மழை தேவையில்லை, மேலே இருக்கும் ஹெல்ஸ் கேன்யன் அணையில் மின்சாரத் தேவையைப் பொறுத்து தண்ணீரைக் கூட்டியும் குறைத்தும் விடுவார்கள், நீங்கள் தூங்கும்போதே மட்டம் மாறிவிடும். கரைப் பாறைகளில் ஈரக்கோடு தெரியும், அதற்கு நன்றாக மேலே போய்ப் போடுங்கள். ராஃப்டைக் கரையில் இழுத்து விட்டால் போதாது, கயிறு போட்டுக் கட்டுங்கள், மட்டம் ஏறினால் மிதந்து போய்விடும்; மட்டம் இறங்கினாலோ காலையில் அது பாறைமேல் உட்கார்ந்திருக்கும், திரும்பத் தண்ணீரில் தள்ளுவது தனி வேலை! அப்புறம், கோடையில் அந்தப் பள்ளத்தாக்கின் அடியில் வெயில் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டும், நடப்பதாக இருந்தால் விடியற்காலையே சரி. ராட்டில் பாம்புகளும் (வாலை ஆட்டிச் சத்தமிடும் விஷப்பாம்புகள்) உண்டு, பாறை இடுக்கில் பார்க்காமல் கை வைக்காதீர்கள்.