பிரேக்கும் பிடிக்கல, பில்லும் இல்ல!

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பிரேக் சங்கதிதான். சாரல் மழையில் யார் யார் எங்கெங்கே வழுக்கினார்களோ!

கேள்வி: என் மகன் அமெரிக்காவில், டெக்சாசில் இருக்கிறான். வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகும் வீடு மாதிரி ஒரு டிராவல் டிரெய்லர் வாங்கியிருக்கிறான். கட்டில், அடுப்பு எல்லாம் உண்டு, எடை 7,000 பவுண்டு. இறக்கத்தில் அது முன்வண்டியைத் தள்ளுகிறதாம். டிரம் பிரேக்கைக் கழற்றிவிட்டு டிஸ்க் போடப்போகிறான். அங்கே விலை கூடுதல். நாகர்கோவிலில் வாங்கிப் பார்சல் அனுப்பலாமா?
– வாசகி, மார்த்தாண்டம்

பதில்: நேந்திரங்காய் சிப்ஸ் அனுப்புங்கள் அம்மா, பிரேக் வேண்டாம். இங்கே கடையில் இருப்பது அந்த அச்சுக்குச் சேராது.

7,000 பவுண்டு என்றால் ஏறக்குறைய 3,175 கிலோ. மூன்று அம்பாசடர் காரைக் கயிறு கட்டி இழுக்கிற மாதிரி. ஆகவே பையன் பயப்படுவது நியாயம். ஆனால் டிஸ்க் வாங்கும் முன் இருக்கிற பிரேக் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்த்தானா?

அந்த நாட்டு டிரெய்லர்களில் பெரும்பாலும் கரண்டு பிரேக். டிரம்முக்குள் ஒரு காந்தம் இருக்கும். முன்வண்டியில் உள்ள கன்ட்ரோலர் கரண்டு அனுப்பியதும் காந்தம் சுழலும் டிரம்மில் ஒட்டி இழுபடும். அந்த இழுப்பில் ஒரு நெம்புகோல் அசைந்து, டிரம்மின் உள்சுவரில் உரசிப் பிடிக்கும் ஷூவை விரிக்கும். ஒரு காந்தம் சுமார் 3 ஆம்பியர் கேட்கும், நாலு சக்கரம் இருந்தால் 12. ஒயர் மெலிந்ததாக இருந்தால் பின்சக்கரத்துக்குப் போய்ச் சேருவதற்குள் கரண்டு இளைத்துவிடும். தடித்த ஒயர் இழுத்தாலே பிரேக் உயிர் பெற்ற வண்டிகள் உண்டு. அடுத்து, ஷூ தேய்ந்து டிரம்முக்கும் அதற்கும் இடைவெளி கூடியிருக்கலாம். தானாகச் சரிசெய்துகொள்ளாத வகை என்றால் பின்பக்கத் துளை வழியாகப் பல்சக்கரத்தைத் திருகி டைட் செய்ய வேண்டும். மூன்றாவது கிரீஸ். பேரிங்குக்கு அளவுக்கு மீறி அடித்து அது சீல் தாண்டி ஷூவில் வழிந்திருந்தால் எந்தக் கன்ட்ரோலரும் காப்பாற்றாது. அந்த ஷூவை மாற்றத்தான் வேண்டும்.

சோதனை சுலபம். காலி ரோட்டில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது காலால் மிதிக்காமல் கன்ட்ரோலரின் கைவிசையை மட்டும் தள்ளச் சொல்லுங்கள். டிரெய்லர் முன்வண்டியைப் பின்னால் பிடித்து இழுப்பது தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஒயரிலோ ஷூவிலோ கோளாறு. அப்புறம், லாரிகள் நிற்கும் இடங்களில் எடைமேடை இருக்கும், சாமான் ஏற்றியபடியே நிறுத்துப் பார்க்கட்டும். தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் லிட்டருக்கு ஒரு கிலோ. 7,000 என்று அவன் சொல்வது பலகையில் எழுதியிருக்கிற எடையா, ஏற்றிய எடையா?

இவ்வளவும் சரியாக இருந்தும் மலை இறக்கத்தில் டிரம் சூடேறிப் பிடிப்பு விடுகிறது என்றால் டிஸ்க் நல்ல யோசனைதான். சூட்டைச் சீக்கிரம் வெளியே விடும், மழையில் நனைந்தாலும் உடனே பிடிக்கும். ஆனால் வெறும் தட்டும் அதைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரும் வாங்கினால் போதாது. கரண்டு சிக்னலை ஆயில் அழுத்தமாக மாற்றும் பம்பு தனியாக வேண்டும். அதிலும் டிரம்முக்கு ஆகிற 1,000 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அளவு) பம்பு அல்ல, டிஸ்க்குக்கான 1,600 பிஎஸ்ஐ பம்பு. பழைய கன்ட்ரோலர் அந்தப் பம்போடு பேசுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கொக்கி கழன்று டிரெய்லர் தனியே ஓடினால் தானாகப் பிரேக் போடும் விசையும் பேட்டரியும் புதுப் பம்போடு சேர்ந்து வேலை செய்தாக வேண்டும். டெக்சாசில் 4,500 பவுண்டுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குப் பிரேக் சட்டப்படியே கட்டாயம், விளையாட்டல்ல.

முக்கியமாக, ரிம்முக்குள் காலிப்பர் அடங்குமா என்று அளக்கச் சொல்லுங்கள். பட்டவன் சொல்கிறேன். என் பழைய வேனுக்குப் 'பெரிசு போட்டால் நல்லாப் பிடிக்கும்' என்று பெரிய டிஸ்க் செட் ஒன்று வாங்கினேன். மாட்டினால் சக்கரம் சுற்றவில்லை, காலிப்பர் ரிம்மில் இடித்தது. கடைக்காரர் திருப்பி எடுக்கவில்லை. என்னிடம் பில்லும் இல்லை. இன்றைக்கும் ஆரல்வாய்மொழிக் காற்றில் தார்ப்பாய் பறக்காமல் இருக்க அந்த டிஸ்க்கைத்தான் மேலே வைக்கிறோம். அந்த ஒரு வேலையை நன்றாகச் செய்கிறது.

கேள்வி: என் டிராக்டர் டிரெய்லருக்குப் பிரேக்கே இல்லை. பட்டறையில் போடச் சொல்கிறார்கள். ஊருக்குள்தானே ஓட்டுகிறேன், தேவையா?
– வாசகர், பூதப்பாண்டி

பதில்: தேவை. ஊருக்குள்தான் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

கேள்வி: பைக்குக்குத் திருவனந்தபுரத்தில் ஒரு கடையில் பிரேக் பேடு வாங்கினேன். அட்டைப்பெட்டி அசல் மாதிரியே இருந்தது. மூன்று வாரத்தில் லைனிங் தகட்டைவிட்டுப் பெயர்ந்து வந்துவிட்டது. கடைக்காரர் பில்லில் உள்ள முத்திரையைக் காட்டுகிறார்: 'ஒருமுறை விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது.'
– வாசகர், தக்கலை

பதில்: கீழே விழாமல் தப்பித்தீர்களே, அதுவே பெரிது. உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. பில் வாங்கியிருக்கிறீர்கள், அதற்கே ஒரு சாயா வாங்கித் தரலாம்.

அந்த முத்திரையைப் பார்த்தாலே எனக்கு ரத்தம் கொதிக்கும். கடைக்காரர் கையில் ஒரு ரப்பர் கட்டை இருந்தால் அது சட்டமாகிவிடுமா? 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். பில் தராமல் இருப்பதும் அதே கணக்கில்தான் வரும். 'பில் வேணுமா? வரி கூடுமே' என்று கேட்கிறார்களே, அது உங்கள் பையைக் காப்பாற்றக் கேட்கிற கேள்வி அல்ல. நாளைக்கு நீங்கள் திரும்பி வந்தால் 'யார் நீ?' என்று கேட்பதற்கான முன்னேற்பாடு. நாமும் நூறு ரூபாய் லாபம் என்று தலையாட்டுகிறோம். நானும் ஆட்டியவன்தான், தார்ப்பாய் கதை மேலே இருக்கிறது.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். பெயர்ந்த பேடு, பெட்டி, பில் மூன்றையும் படம் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். ஒப்புகை வாங்காமல் பேடைக் கடைக்காரர் கையில் கொடுத்துவிடாதீர்கள். நடந்ததை எழுதி ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். அசைய மாட்டார் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் போன் செய்யுங்கள். அதற்கும் மசியாவிட்டால் நாகர்கோவிலில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை கேரளத்தில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம், களியக்காவிளை தாண்ட வேண்டியதில்லை. 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட்டாக வேண்டும்.

கேள்வி: பிரேக் ஆயில் அளவு குறையவே இல்லை. ஆனாலும் சர்வீஸில் மாற்றச் சொல்கிறார்கள். காசு பிடுங்கத்தானே?
– வாசகர், குளச்சல்

பதில்: இல்லை. அந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். டாட் 3 வகையில் புது ஆயில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த அளவு 140க்கு இறங்கிவிடும். கொதித்தால் குழாயில் ஆவி, மிதித்தால் பெடல் தரைக்குப் போகும். நீங்கள் இருப்பதோ கடற்கரை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். பக்கத்தில் நின்று மூடியிட்ட புது டப்பாவை உடைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: கன்னியாகுமரியில் சாப்பாட்டுக் கடை போட ஒரு பழைய டிரெய்லரைத் தெரிந்தவர் மூலம் வாங்கினேன். பில், ஆர்.சி. எதுவும் தரவில்லை. ஓட்டிப் பார்க்கவும் இல்லை. இப்போது பிரேக் பிடிக்கவில்லை, விற்றவர் போனை எடுக்கவில்லை. என்ன செய்ய?
– வாசகர், அஞ்சுகிராமம்

பதில்: ஆர்.சி. இல்லை, பில் இல்லை, ஓட்டிப் பார்க்கவில்லை. வாழைக்குலை வாங்கும்போதுகூடத் தட்டிப் பார்ப்பீர்களே! டிரெய்லரும் சட்டப்படி மோட்டார் வண்டிதான், பதிவு வேண்டும். உங்கள் முதல் பிரச்சினை பிரேக் அல்ல, அந்த வண்டி யாருடையது என்பதே உங்களுக்குத் தெரியாது. பணம் கொடுத்தது வங்கி வழியாக என்றால் அந்தக் கணக்கு விவரத்தையும், விற்றவரோடு பேசிய வாட்ஸ்அப் செய்திகளையும் எடுத்து வைத்துக்கொண்டு, அந்தத் 'தெரிந்தவரை' முதலில் பிடியுங்கள். வண்டியின் சேசிஸ் நம்பரைக் குறித்துக்கொண்டு ஆர்.டி.ஓ. ஆபீசில் விசாரியுங்கள். அதுவரை அதை ரோட்டில் இறக்காதீர்கள், நிற்கிற இடத்தில் சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.