கட்டுரை எழுதும் முன் யோசிக்கவும் திட்டமிடவும் மாணவர்களை எப்படிப் பழக்குவது?

தலைப்பைச் சொன்னவுடனே உங்கள் மாணவர்கள் எழுதத் தொடங்கிவிட்டு, அரைப் பக்கத்தில் நின்றுவிடுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். சிவகங்கை மாவட்டத்து அரசுப் பள்ளி ஒன்றில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குத் தமிழ் கற்பிப்பவன் என்ற முறையில் என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

நன்னூல் என்ற இலக்கண நூலின் பாயிரம் (முன்னுரைப் பகுதி) நூலுக்குரிய குற்றங்களாகப் பத்தைச் சொல்கிறது. அவற்றுள் கூறியது கூறல், மற்றொன்று விரித்தல் (சொல்ல வந்ததை விட்டு வேறொன்றை விரிப்பது), சென்று தேய்ந்து இறுதல் (போகப் போக வலுவிழந்து முடிவது) ஆகிய மூன்றையும் மாணவர் கட்டுரைகளில் வாரந்தோறும் பார்க்கிறேன். இவற்றை மொழிக்குறை என்று எண்ணிப் பல ஆண்டுகள் சிவப்பு மையால் வாக்கியங்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். சொல்வதற்குத் தன்னிடம் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே எழுத உட்காருவதால்தான் இம்மூன்றும் நேர்கின்றன என்பது எனக்குத் தாமதமாகவே புரிந்தது.

பத்தாம் வகுப்புத் தேர்வில் முன்னுரை முதல் முடிவுரை வரை குறிப்புகளைக் கொடுத்தே கட்டுரை கேட்கிறோம். அது மாணவருக்கு உதவிதான். ஆனால் அந்தக் குறிப்புகளை உட்தலைப்புகளாக அடிக்கோடிட்டு எழுதிவிட்டாலே திட்டமிட்டாயிற்று என்ற எண்ணத்தையும் அது வளர்த்துவிடுகிறது. ஆகவே ஒன்பதாம் வகுப்பில் முதல் பருவம் முழுவதும் நான் குறிப்புகள் கொடுப்பதில்லை.

நீர் மேலாண்மை என்ற தலைப்பைக் கொடுத்தபோது, ஏறத்தாழ எல்லாருமே ‘நீரின்றி அமையாது உலகு’ என்று தொடங்கினார்கள். தாள்களை வாங்கி வைத்துவிட்டு, உங்கள் ஊர்க் கண்மாயைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததையெல்லாம், வாக்கியமாக்காமல், வரிசை பார்க்காமல், பத்து நிமிடம் எழுதுங்கள் என்றேன். எழுத்துப்பிழை பார்க்கமாட்டேன் என்றும் உறுதி சொன்னேன். அந்த உறுதி இல்லாவிட்டால் பயத்தில் பாதிப் பிள்ளைகள் பேனாவையே எடுப்பதில்லை. மடை, மிகுநீர் வழியும் கலுங்கு, கருவேலம், மீன்பிடி ஏலம், எருமை குளிப்பாட்டுவது என்று பலவும் வந்தன. ஒரு மாணவி, தன் தாத்தா நீர்பாய்ச்சியாக இருந்தார் என்றும், யார் வயலுக்கு எப்போது தண்ணீர் என்பதை அவர்தான் முறைவைத்துப் பார்த்துக்கொண்டார் என்றும் எழுதியிருந்தாள். நீர் மேலாண்மை என்ற சொல்லுக்கு அதைவிட நேரான விளக்கம் வேண்டியதில்லை. ஆனால் அவளது முதல் தாளில் அந்தத் தாத்தா இல்லவே இல்லை.

அடுத்த வேலைதான் கடினமானது. எழுதியவற்றில் பாதியை அடிக்கச் சொல்வேன். எதை அடிப்பது என்று தெரியவேண்டுமானால், இந்தக் கட்டுரை எந்தக் கேள்விக்கு விடை என்று முதலில் முடிவு செய்தாகவேண்டும். அந்த மாணவி, ‘நீர்பாய்ச்சி இல்லாமல் போனதும் கண்மாய்க்கு என்ன ஆயிற்று?’ என்று எழுதிக்கொண்டாள். எருமையும் மீன் ஏலமும் தாமாகவே விழுந்துவிட்டன. அதன் பிறகு பக்கத்திலிருப்பவரிடம் இரண்டு நிமிடம் வாய்மொழியாகச் சொல்ல வேண்டும். கேட்பவர் எங்கே குறுக்கிட்டு விளக்கம் கேட்கிறாரோ அங்கே ஒரு பத்தி தேவைப்படுகிறது என்று கொள்ளலாம்.

போட்ட திட்டத்தை மாணவர் எழுதும்போது மாற்றினால் தடுக்காதீர்கள். 1981இல் லிண்டா ஃபிளவர், ஜான் ஹேய்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள், மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதியவர்களின் பதிவுகளை ஆராய்ந்து, திட்டமிடல் தொடக்கத்திலேயே முடிந்துபோவதில்லை, எழுத எழுதத் திரும்பத் திரும்ப வருகிறது என்று விளக்கினார்கள். திட்டத்தைத் தனியே வாங்கி அதற்கு மதிப்பெண் போடும் வழக்கத்தை நான் விட்டதற்கும் இதுவே காரணம்; மதிப்பெண் உண்டென்றால், கட்டுரையை முடித்துவிட்டு அதைப் பார்த்துத் திட்டம் எழுதும் சாமர்த்தியம் நம் பிள்ளைகளுக்கு உண்டு.

தேர்வில் இதற்கெல்லாம் நேரமேது என்று சக ஆசிரியர்கள் கேட்பார்கள். வினாத்தாளை வாசிக்கத் தரும் பத்து நிமிடத்திலேயே கட்டுரைக்கான கேள்வியை மனத்தில் முடிவு செய்துகொள்ளச் சொல்கிறேன். கட்டுரை எழுதும் நேரம் வரும்போது பென்சிலால் ஐந்தாறு சொற்கள் குறிக்க மூன்று நிமிடம் போதும், வகுப்பில் பலமுறை செய்து பழகியவர்களுக்கு மட்டும்.