கெர்ஹார்ட்சனின் நாற்காலி

அன்புள்ள ஐயா,

போருக்குப் பிந்தைய ஐரோப்பா பற்றி எழுதும்போது நார்வேயின் ஐனார் கெர்ஹார்ட்சனை ஒரு வரியில் பாராட்டியிருந்தீர்கள். தேடிப் படித்தேன். தொழிற்கட்சிக்கு 20 ஆண்டு தலைவர், மொத்தம் 17 ஆண்டு பிரதமர். ‘நாட்டின் தந்தை’ என்று பட்டம் வேறு. ஒரே ஆள் இத்தனை காலம் நாற்காலியை விடாமல் பிடித்திருந்தால் அது என்ன ஜனநாயகம்?

கே.

அன்புள்ள கே.,

விடாமல் என்று சொல்ல முடியாது. 1951இல் யாரும் தள்ளாமலே தன் கட்சிக்காரர் ஆஸ்கர் டோர்ப்பிடம் பிரதமர் பதவியைக் கொடுத்துவிட்டு இறங்கினார், 1955இல் திரும்பினார். கட்சித் தலைமையை மட்டும் இடையில் விடவில்லை. சரி, அது சின்ன விஷயமில்லைதான்.

சாலை போடும் தொழிலாளியாக இருந்தவர். நாஜி ஆக்கிரமிப்பில் கைதாகி ஸாக்சன்ஹவுசன் வதைமுகாம் வரை போய் வந்தவர். 1945 மே மாதம் விடுதலை, ஜூனில் பிரதமர். ஓஸ்லோவில் சாதாரண அடுக்குமாடி வீட்டில் குடியிருந்தார். எனக்கும் இதெல்லாம் பிடிக்கும். ஆனால் எளிமையான ஆள் என்பது உங்கள் கேள்விக்குப் பதிலாகாது.

கிங்ஸ் பே விவகாரத்தைப் பாருங்கள். ஆர்க்டிக் பகுதியிலுள்ள ஸ்வால்பார்டு தீவுகளில் அரசுக்குச் சொந்தமான நிலக்கரிச் சுரங்கம் அது. 1962 நவம்பரில் அங்கே வெடிவிபத்து, 21 பேர் செத்தார்கள். பாதுகாப்பில் அரசு அசட்டையாக இருந்தது, நாடாளுமன்றத்துக்கு உள்ளதை உள்ளபடி சொல்லவில்லை என்று எதிர்க்கட்சிகள் பிடித்துக்கொண்டன. 1945 முதல் 1961 வரை தனிப் பெரும்பான்மையோடு ஆண்ட கட்சி; சபைக்குப் பதில் சொல்வது அதற்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

அப்போது 150 இடங்களில் தொழிற்கட்சிக்கு 74, வலதுசாரி அணிக்கும் 74. மீதி இரண்டு பேர் சோஷலிச மக்கள் கட்சி. வேடிக்கை என்னவென்றால், நேட்டோவை எதிர்த்ததற்காகத் தொழிற்கட்சியிலிருந்து துரத்தப்பட்டவர்கள் தொடங்கிய கட்சி அது! 1963 ஆகஸ்டில் அந்த இருவரும் எதிர்த்து வாக்களிக்க, அரசு கவிழ்ந்தது. வலதுசாரி அணியின் யோன் லிங் பிரதமரானார். நான்கே வாரத்தில் அதே இருவர் அவரையும் கவிழ்த்தார்கள், கெர்ஹார்ட்சன் மறுபடி வந்தார்.

இரண்டு வாக்கில் இறக்க முடிந்ததே, அதனால்தான் அதை ஜனநாயகம் என்கிறேன். அதற்காக உங்கள் சந்தேகம் வீண் என்று சொல்லமாட்டேன். அந்தக் காலத்தில் கம்யூனிஸ்டுகளை ரகசியப் போலீஸ் சட்டத்தை மீறி வேவு பார்த்ததையும், தொழிற்கட்சிக்காரர்களுக்கும் அதற்கும் இருந்த நெருக்கத்தையும் நாடாளுமன்றம் அமைத்த லுண்ட் விசாரணை ஆணையம் வெளியே கொண்டுவந்தது 1996இல். கெர்ஹார்ட்சன் இறந்தே ஒன்பது ஆண்டு ஆகியிருந்தது. நான் ஒரு வரியில் பாராட்டியபோது இதையும் சேர்த்து எழுதியிருக்க வேண்டும்.

அப்புறம், லிங்கின் நான்கு வாரம் வீணாகவில்லை. தொழிற்கட்சியை விட்டால் நாட்டை ஆள ஆளில்லை என்ற நினைப்பு அதில் உடைந்தது. 1965 தேர்தலில் வலதுசாரி அணி ஒழுங்காகவே ஜெயித்தது. கெர்ஹார்ட்சன் கட்சித் தலைமையையும் அந்த வருடமே விட்டுவிட்டு, 1969 வரை சபையில் வெறும் உறுப்பினராக உட்கார்ந்திருந்தார்.