பிரஷரை அப்படியே விட்டால்? கேள்வி பதில்

தேனி: அப்பாவுக்கு 62 வயது. பலமுறை பார்த்தும் 170/100. தலைவலி, மயக்கம் எதுவும் இல்லை, மாத்திரை வேண்டாம் என்கிறார். விட்டால் என்ன ஆகும்?

தலைவலி இல்லாததை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. 180 தொட்டாலும் பலருக்கு ஒன்றும் தெரியாது. உள்ளே வேலை நடந்துகொண்டுதான் இருக்கும். கூடுதல் அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளித் தள்ளி இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடிக்கும். தடித்த தசை விறைத்துப் போவதால் ரத்தம் நிரம்புவது குறையும். முதலில் மாடி ஏறினால் மூச்சு வாங்கும், பிறகு கால் வீங்கும். மூளைக்குள் ஆழமாக ஓடும் மெல்லிய நாளங்கள் ஒன்று அடைபடும், இல்லையேல் வெடிக்கும். இரண்டுமே பக்கவாதம்தான். சிறுநீரகத்தின் வடிகட்டிகள் தழும்பேறி, சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் ஒழுகும். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் ஏறுவது பெரும்பாலும் அதற்கு வெகுகாலம் கழித்து. அதனால் ‘கிரியேட்டினின் நார்மல்’ என்று நிம்மதியாக இருக்காதீர்கள்.

40 முதல் 69 வயதில், மேல் எண் 115ஐத் தாண்டி 20 கூடும் ஒவ்வொரு முறையும் பக்கவாதத்தாலோ மாரடைப்பாலோ சாகும் ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் 1945 ஏப்ரல் 12 அன்று மூளையில் ரத்தக்கசிவால் இறந்தார். அன்று பதிவான அழுத்தம் 300/190. அவர் காலத்தில் உருப்படியான மருந்து இல்லை. அப்பாவுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகக் கிடைக்கும். ஈசிஜி, சிறுநீர் ஆல்புமின், கிரியேட்டினின், பொட்டாசியம், சர்க்கரை, விழித்திரை எல்லாம் பார்த்துவிடுங்கள்.

சேலம்: வீட்டு மெஷினில் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு எண்.

காபி, சிகரெட் முடிந்து அரை மணி நேரமாவது ஆகட்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்த்து, கால் மேல் கால் போடாமல், பேசாமல் 5 நிமிடம் உட்காருங்கள். கை நெஞ்சு மட்டத்தில் மேசைமேல் இருக்கட்டும். குண்டான கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் எண் ஏறித்தான் காட்டும். காலை மாத்திரைக்கு முன்னும் இரவிலும், 1 நிமிட இடைவெளியில் இரண்டிரண்டு முறை, 7 நாள். முதல் நாளை விட்டுவிட்டுச் சராசரி போடுங்கள். 135/85 அல்லது அதற்கு மேல் என்றால் பிரஷர் உண்டு.

கோவை: 3 மாத மாத்திரையில் 124/80 வந்துவிட்டது. நிறுத்தலாமா?

அந்த 124 மாத்திரை கொடுத்தது. நீங்களாக நிறுத்தாதீர்கள். அட்டெனலால், குளோனிடின் போன்றவற்றைத் திடீரென விட்டால் அழுத்தம் எகிறும்.

திருச்சி: இந்துப்புக்கு மாறினால் போதுமா?

போதாது. அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். அயோடின் வேறு போய்விடும்.

கும்பகோணம்: இயற்கை உப்பையும் பாக்கெட் உப்பையும் ஒன்றாக்காதீர்கள். இந்துப்பில் எத்தனையோ தாதுக்கள்!

இருக்கின்றன, துளித்துளியாக. அவற்றுக்காகச் சாப்பிடப் போனால் சோடியம் அளவு மீறிவிடும். ஒரு நாளைக்கு உப்பு மொத்தமே 5 கிராம், ஒரு டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவு. ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர் மிளகாய் எல்லாம் அதற்குள் அடக்கம்.

ஈரோடு: அப்படியானால் சோடியம் குறைந்த உப்பு?

பலருக்கு நல்லது. ஆனால் அதில் சோடியத்துக்குப் பதிலாக இருப்பது பொட்டாசியம். சிறுநீரகம் கெட்டவர்களும், டெல்மிசார்டான், எனலாப்ரில், ஸ்பைரனோலாக்டோன் ஆகிய பிரஷர் மாத்திரைகளை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பு தடுமாறும்.

நெல்லை: கல்லுப்பு பரவாயில்லையா?

இந்துப்புக்குச் சொன்ன பதில்தான். உப்புக் கேள்வி இத்தோடு போதும்.

வேலூர்: மூட்டுவலிக்கு டைக்ளோபெனாக் போடுகிறேன்.

அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். மருத்துவரிடம் மாற்று கேளுங்கள். பிரஷர் மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

கடலூர்: மனைவி டெல்மிசார்டான் எடுக்கிறார், இப்போது கர்ப்பம். தொடரலாமா?

கூடாது, சிசுவைப் பாதிக்கும். இன்றே மருத்துவரைப் பார்த்து வேறு மருந்துக்கு மாற்றுங்கள்.

தஞ்சாவூர்: இப்போது நன்றாகத்தானே இருக்கிறது, மாத்திரையை நிறுத்தினால்…

கோவைக்காரருக்குச் சொன்னதுதான்.

மதுரை: திடீரென 200 காட்டினால் நிபெடிபின் என்ற பிரஷர் கேப்சூலைக் கடித்து நாக்குக்கடியில் வைக்கலாமா?

வேண்டவே வேண்டாம். அழுத்தம் சட்டென்று சரிந்து, அதனாலேயே பக்கவாதம் வரலாம். அறிகுறி இல்லையென்றால் 5 நிமிடம் உட்கார்ந்து மறுபடி பாருங்கள். அப்போதும் 180க்கு மேல் என்றால் அன்றே மருத்துவரிடம் போங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணல், கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல் இருந்தால் உடனே 108. சிடி ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்கே நேராகப் போங்கள். நோயாளி கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறித்து வையுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசி போட அதிலிருந்து நாலரை மணி நேரம்தான் அவகாசம்.