செடி பிடிக்கும், சரி; வேதியியல் பிடிக்குமா?

செடிகளைக் கொண்டு மருந்து செய்யும் துறைதான் வேண்டும் என்று மகள் அடம்பிடிப்பதாகவும், தாவரவியல் படித்தால் வேலை கிடைக்குமா என்று உங்களுக்குக் கவலை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவள் சொல்வது வெறும் கனவு இல்லை. அதற்கு வளர்சிதைமாற்றப் பொறியியல் என்று பெயர்: ஓர் உயிரின் செல்லுக்குள் நடக்கும் வேதிவினைகளை மாற்றி, நமக்கு வேண்டிய பொருளை அதைச் செய்யவைப்பது. பெயர்தான் மிரட்டும்.

நித்தியகல்யாணியையே பாருங்கள். புற்றுநோய் மருந்தான வின்பிளாஸ்டின் அதன் இலையிலிருந்து வருகிறது. ஒரு கிராம் எடுக்கச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை தேவை. செடி தன் தற்காப்புக்காகச் செய்துகொள்ளும் பொருள் அது. நமக்காக ஏன் கூடுதலாகச் செய்யப்போகிறது? அதைச் செய்ய முப்பதுக்கும் மேற்பட்ட வினைகள், ஒவ்வொன்றையும் நடத்திவைக்க ஒரு நொதி (என்சைம்). விடுபட்டிருந்த கடைசி நொதிகள் 2018-ல்தான் பிடிபட்டன. அப்புறம் 2022-ல் அமெரிக்க விஞ்ஞானி ஜே கீஸ்லிங்கின் குழு அந்த நொதிகளுக்கான மரபணுக்களை ஈஸ்ட் என்ற நுண்ணுயிருக்குள் புகுத்தி, மருந்தின் இரு பாதிகளான விண்டோலினையும் கேதரந்தினையும் உண்டாக்கி, இரண்டையும் இணைத்துக் காட்டியது.

இதில் செடியைவிட வேதியியல்தான் அதிகம். அதனால் மகளிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, கரிம வேதியியல் பிடிக்குமா என்பதுதான். முகம் சுளித்தால் இந்தத் துறை வேண்டாம். பிடிக்கும் என்றால், இளநிலையில் குறுகலான பட்டப்பெயரைத் தேட வேண்டாம். உயிர்வேதியியல் நல்ல அடித்தளம். கூடவே மூலக்கூறு உயிரியல், புள்ளியியல், கொஞ்சம் பைத்தான் நிரலாக்கம்.

வேலையைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். சொந்தமாக ஆராய்ச்சியை வழிநடத்த, பெரும்பாலும் முனைவர் பட்டம் வேண்டும். முதுநிலையோடு நின்றால் பகுப்பாய்வுக் கூடம், தரக்கட்டுப்பாடு, நொதி, நறுமணப்பொருள், மருந்து நிறுவனங்கள் என்று வழிகள் உண்டு. ஆய்வகத்தில் ஜெயித்தது சந்தையில் ஜெயிக்கும் என்றும் இல்லை. மலேரியா மருந்தான ஆர்ட்டிமிசினினுக்கு ஈஸ்ட் வழி கண்டுபிடித்துத் தொழிற்சாலையே நடத்தினார்கள். வயலில் விளைந்த சரக்கின் விலை இறங்கியதும் அது போட்டியில் நிற்க முடியவில்லை.

பொறுமையும் வேண்டும். ஸ்னாப்டிராகன் என்ற தோட்டப் பூவின் இரண்டு மரபணுக்களைச் சேர்த்து உருவாக்கிய ஊதாத் தக்காளி பற்றிய ஆய்வு 2008-ல் வந்தது. விதை அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது 2024-ல்.

விண்ணப்பிக்கும் முன், விடுமுறையில் இரண்டு வாரம் ஏதாவது ஓர் ஆய்வகத்தில் அவளை உட்காரவையுங்கள். ஒரே சோதனை மூன்றாவது முறையும் சொதப்பிய நாளில் வீட்டுக்கு வந்து என்ன பேசுகிறாள் என்று கேட்டு எனக்கு எழுதுங்கள்.